போர்க்களத்தில் யார் என்ன சொன்னார்கள்? புளியந்தீவு மாலை வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில், புளியந்தீவுப் பகுதியிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையம், பகலில் உயர்தர மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் அதே மேல்மாடி மண்டபத்தில், சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்கென ஒரு வரலாற்று வகுப்பையும் நடத்திவருகிறது. போர்க்களங்களில் தளபதிகள் இட்டதாகப் புகழ்பெற்ற கட்டளைகளுள் எவை உண்மையில் சொல்லப்பட்டவை, எவை பிற்காலத்தவர் எழுதிச் சேர்த்தவை என்பதே எட்டு அமர்வுகளுக்கும் பொருள். ஓர் அமர்வு இரண்டரை மணி நேரம் நீடிக்கும். முழுத் தொகுதிக்கும் கட்டணம் 4,000 ரூபா. ஒளிப்பிரதி எடுத்துத் தைத்த ஒரு கைந்நூலும், இடைவேளையில் தரும் இஞ்சித் தேநீரும் அதில் அடக்கம். கற்பிப்பவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தொகுதி முழுவதையும் இருந்து கேட்டவன் என்ற முறையில், சேர எண்ணுவோருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் போரைப் பற்றிய வகுப்பு என்றதும் எழக்கூடிய தயக்கத்தை நடத்துபவர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். இந்நாட்டின் உள்நாட்டுப் போர் இங்கே பேசப்படமாட்டாது என்று முதல் நாளிலேயே அறிவித்துவிடுகிறார்கள். அப்படி ஒதுங்குவது கோழைத்தனம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுள் பலர் கட்டளை என்பது என்ன செய்யும் என்பதைத் தம் வீட்டு வாசலிலேயே கண்டவர்கள். சாட்சிகள் உயிரோடும் காயத்தோடும் இருக்கும் ஒரு காலத்தை, தேநீர் இடைவேளை வைத்த ஒரு மாலை வகுப்பில் அலசிவிட முடியாது என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மை.

ஆசிரியரின் முறை எளிமையானது. ஒவ்வொரு கட்டளைக்கும் வெண்பலகையில் மூன்று நிரல்களை வரைகிறார்: சம்பவம் நடந்த ஆண்டு, அந்த வாசகம் முதன்முதலாக எழுத்தில் தோன்றிய ஆண்டு, எழுதியவர் அந்த இடத்தில் நின்றாரா இல்லையா. முதல் இரண்டு நிரல்களுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட, வாசகத்தின் அழகும் கூடுகிறது என்பதை மூன்றாவது அமர்வுக்குள் நாமாகவே கண்டுகொள்கிறோம். இவ்வளவு பயனுள்ள அட்டவணை கைந்நூலில் எங்கேயும் அச்சாகவில்லை. அங்கே கதைச் சுருக்கங்களும் மங்கலான படங்களும் மட்டுமே உள்ளன; ஒரே தளபதியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. கையோடு ஒரு குறிப்பேடு கொண்டுபோகாதவர் வகுப்பின் பாதியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

முதல் அமர்வு 1775 ஜூன் 17 அன்று பொஸ்டனுக்கு அருகே நடந்த பங்கர் ஹில் போரைப் பற்றியது. "அவர்களுடைய கண்ணின் வெள்ளை தெரியும்வரை சுடாதீர்கள்" என்று அமெரிக்கத் தளபதி ஒருவர் சொன்னதாக உலகம் முழுவதும் படிக்கிறது. சொன்னவர் புட்னம் என்பர் சிலர், பிரெஸ்கொட் என்பர் வேறு சிலர். ஸ்டார்க்கின் பெயரும் அடிபடுகிறது. புட்னமின் வாயில் இதை வைத்துப் பரப்பியவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் வொஷிங்டனின் வாழ்க்கையை எழுதிய வீம்ஸ் பாதிரியார். வொஷிங்டன் சிறுவயதில் செரி மரத்தை வெட்டிய கதையை நமக்குத் தந்தவரும் அவரே. அதற்கு முன்னரே, 1743இல் டெட்டிங்கன் களத்தில் ஸ்கொட்லாந்து அதிகாரி அண்ட்ரூ அக்னியூ இதையே சொன்னார் என்றும், பிரஷ்யப் படையில் இது வழங்கியது என்றும் கதைகள் உண்டு. போர் பெரும்பாலும் நடந்ததுகூடப் பங்கர் குன்றில் அன்று. பக்கத்திலிருந்த பிரீட்ஸ் குன்றில்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது வினாடி வினாப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பாகவே முடிந்திருக்கும். ஆசிரியர் அடுத்து எடுத்துக்கொண்டது வேறு கேள்வி: அந்த வாசகம் சொல்லப்படவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அப்படியொரு கட்டளைக்குத் தேவை இருந்ததா? அக்கால மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. நூறு யார் தாண்டினால் குறிவைப்பதில் பொருளில்லை. அமெரிக்கர்களிடம் வெடிமருந்து மிகக் குறைவு. பதற்றத்தில் தொலைவிலேயே சுட்டுவிட்டால், மீண்டும் மருந்திட்டு அடைப்பதற்குள் துப்பாக்கி முனைக் கத்தியோடு எதிரி வந்துவிடுவான். எனவே சுடும் ஆசையை அடக்கிவைப்பது அன்றைய ஒவ்வொரு அதிகாரியின் முதல் வேலையாக இருந்தது. ஸ்டார்க் தம் வரிசைக்கு முன்னால் ஏறத்தாழ 100 அடி தூரத்தில் ஒரு முளைக்குச்சியை நட்டு, அதைத் தாண்டும்வரை எவரும் சுடக்கூடாது என்றாராம். கண்ணின் வெள்ளையைவிடக் குச்சி நம்பத்தக்கது என்று ஆசிரியர் சொன்னபோது மண்டபம் சிரித்தது. பிரித்தானியர் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமடைந்தும் விழுந்தனர். மூன்றாவது தாக்குதலில் அமெரிக்கர்களின் மருந்து தீர்ந்துபோக, குன்று பிரித்தானியர் வசமாயிற்று. வாசகம் ஐயத்துக்குரியது, ஆனால் அது குறிக்கும் நடைமுறை உறுதியானது என்ற இந்த இரட்டை முடிவே வகுப்பின் பலம்.

இரண்டாவது அமர்வு இதே இழையை இன்னும் நன்றாகப் பிடித்தது. 1745 மே 11இல் பொன்டெனோயில், பிரெஞ்சுக் காவற்படையும் ஆங்கிலக் காவற்படையும் சில பத்து அடிகளே இடைவெளி விட்டு எதிரெதிரே நின்றபோது, ஆங்கில அதிகாரி சார்ள்ஸ் ஹே பிரபு முன்னே வந்து "நீங்கள் முதலில் சுடுங்கள்" என்று பணிவாகச் சொல்ல, பிரெஞ்சு அதிகாரி "நாங்கள் ஒருபோதும் முதலில் சுடுவதில்லை, நீங்களே சுடுங்கள்" என்று மறுமொழி கூறினாராம். இதை அவ்வாறு எழுதியவர் வோல்டேர். பிரெஞ்சு மரபில் நாளடைவில் இது "ஆங்கிலக் கனவான்களே, முதலில் சுடுங்கள்" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி, பிரெஞ்சு நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. ஆனால் ஹே தம் சகோதரருக்குப் போர் முடிந்த சில வாரங்களுக்குள் எழுதிய கடிதம் இருக்கிறது. அதில் அவர் சொல்வது: முன்னே சென்று, குடுவையை எடுத்து எதிரிகளின் நலத்துக்குக் குடித்து, "நாங்கள் ஆங்கிலக் காவற்படை, டெட்டிங்கனில் மைன் ஆற்றில் குதித்து நீந்தியதுபோல இன்று ஷெல்ட் ஆற்றில் நீந்தாமல், நாங்கள் வந்து சேரும்வரை நிற்பீர்கள் என்று நம்புகிறோம்" என்ற பொருள்படக் கூவினாராம். கனவான் பேச்சு என்று நாம் படித்தது, மூலத்தில் ஒரு நக்கல்.

இங்கும் ஆசிரியர் நக்கலோடு நிற்கவில்லை. முதலில் சுடுபவன் வெறுந்துப்பாக்கியோடு நிற்கிறான். மீண்டும் நிரப்ப நன்கு பயின்ற வீரனுக்கும் கால் நிமிடம் வேண்டும். அந்தக் கால் நிமிடத்தில் எதிர்வரிசை நெருங்கிவந்து, குறி தப்பாத தூரத்தில் ஒருசேரச் சுடும். ஆகவே முதற் சூட்டை எதிரிக்கு விட்டுக்கொடுப்பது தந்திரமாகவும் இருக்கலாம். ஒரு கட்டளை மரியாதையாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம், ஏளனமாகவும் இருக்கலாம். எது என்பதை நூறாண்டு கழித்து வந்த வாசகம் தனியாகச் சொல்லாது. அன்று பொன்டெனோயில் நெருங்கிவந்து சுட்ட ஆங்கிலப் படை பெருஞ்சேதம் விளைவித்தும், நாளின் முடிவில் வென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்களே என்பதையும் சேர்த்துச் சொன்னதற்காக ஆசிரியரைப் பாராட்ட வேண்டும்.

கடற்போர்களுக்கான அமர்வில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குத்தான் பெரும்பங்கு. 1805 ஒக்டோபர் 21இல் ட்ரஃபால்கரில் ஏற்றிய "ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வர் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது" என்ற கொடிச் சைகையே எல்லாவற்றிலும் உறுதியான சான்று உள்ளது என்பது ஆசிரியரின் கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன். நெல்சன் முதலில் சொன்னது "நம்புகிறது" என்பதாகும். அந்தச் சொல் குறியீட்டுப் புத்தகத்தில் இல்லாததால் எழுத்தெழுத்தாகக் கொடி ஏற்ற வேண்டிவரும், "எதிர்பார்க்கிறது" என்றால் ஒரே தொகுதிக் கொடிகளில் முடியும் என்று சைகை அதிகாரி ஜோன் பாஸ்கோ கேட்டுக்கொள்ள, நேரமில்லை என்பதால் நெல்சன் உடனே இணங்கினார். "கடமை" என்ற சொல்லும் புத்தகத்தில் இல்லை. அதை மட்டும் எழுத்தெழுத்தாகவே ஏற்றினார்கள். இதைப் பதிந்தவர் கொடியை ஏற்றியவரே. நெல்சன் சைகை காட்டுவதை நிறுத்தினால் நல்லது, செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும் என்று அடுத்த கப்பல் வரிசைக்குத் தலைமை தாங்கிய கொலிங்வூட் சலித்துக்கொண்டாராம்.

1801 ஏப்ரல் 2இல் கோப்பன்ஹேகன் போரில் பின்வாங்கும் சைகையை நெல்சன் "காணாமல்" விட்ட கதைக்குக் கொடுத்த நேரம் இன்னும் அதிகம். அதற்குத் தகுதியும் உண்டு. தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் போரை நிறுத்தும் 39ஆம் இலக்கச் சைகையை ஏற்றினார். நெல்சன் அதைப் பெற்றதாக ஒப்புக்கொள்ளச் சொன்னார். ஆனால் தம் கப்பல்களுக்கு அதை மீண்டும் காட்டாமல், நெருங்கிப் போரிடும்படி சொல்லும் 16ஆம் இலக்கச் சைகையையே பறக்கவிட்டார். 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி நகரில் பார்வை இழந்த கண்ணைக் காட்டி, "சில வேளைகளில் குருடனாக இருக்க எனக்கு உரிமை உண்டு" என்றது உடனிருந்த ஸ்டுவர்ட் என்ற அதிகாரியின் பதிவு வழியாக வந்தது. ஆனால் நாம் அனைவரும் மறந்துவிடும் ஒருவர் இக்கதையில் இருக்கிறார். சிறு கப்பல்களின் பிரிவுக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் ரியூ, அதே சைகையைக் கண்டு கீழ்ப்படிந்து கப்பலைத் திருப்பினார். திரும்பும் வேளையில் குண்டு பாய்ந்து இறந்தார். கீழ்ப்படியாதவருக்குப் பட்டமும் சிலையும், கீழ்ப்படிந்தவருக்கு மரணமும் என்று ஆசிரியர் சொன்னபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இது புகழ்பெற்ற வாசகத்தைவிடப் பல மடங்கு கனமான செய்தி.

வோட்டர்லூவை ஒரே மணி நேரத்தில் முடித்தார். அதற்கு அவ்வளவே போதும். "எழுங்கள் காவற்படையினரே, அவர்கள் மேல் பாயுங்கள்" என்று தாம் சொன்னதாகப் பரவிய வரியைப் பற்றி வெலிங்டனே முதுமையில், "எழுந்து நில்லுங்கள் என்று சொல்லியிருப்பேன், பிறகு தளபதிகளிடம் தாக்கும்படி கட்டளையிட்டிருப்பேன்" என்ற அளவில்தான் ஒப்புக்கொண்டார். "காவற்படை சாகும், சரணடையாது" என்ற பிரெஞ்சு வீரவாசகத்துக்கு உரியவராகச் சொல்லப்படும் கம்ப்ரோன் அன்று உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார். தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தும் வந்தார். நாந்த் நகரில் அவருடைய சிலையில் அதே வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, ஐந்தாவது அமர்வுக்காக மட்டுமே கட்டலாம் என்பேன். பொருள் 1854 ஒக்டோபர் 25, கிரிமியப் போரில் பிரித்தானியரும் ரஷ்யரும் மோதிய பலக்லாவா. ஆசிரியர் எதையும் விளக்காமல் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் பள்ளத்தாக்கின் கோட்டுப்படம், மறுபக்கத்தில் ஒரே ஒரு கட்டளை: "குதிரைப்படை விரைவாக முன்னணிக்குச் சென்று, எதிரியைத் தொடர்ந்து, பீரங்கிகளை அவர்கள் கொண்டுசெல்வதைத் தடுக்க முயல வேண்டும் என ரக்லன் பிரபு விரும்புகிறார். குதிரைப் பீரங்கிப் படை உடன் செல்லலாம். பிரெஞ்சுக் குதிரைப்படை உமது இடப்பக்கத்தில் உள்ளது. உடனடி." குதிரைப்படையை எங்கே நகர்த்துவீர்கள் என்று படத்தில் அம்புக்குறி போடச் சொன்னார். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. நானும் என் பக்கத்தில் இருந்த கல்முனைப் பெண்மணியும், ஏறத்தாழ அரைவாசிப் பேரும், ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேராகவே அம்பு போட்டிருந்தோம்.

அதன் பின்னர்தான் விளக்கம் வந்தது. பிரித்தானியத் தலைமைத் தளபதி ரக்லன் நின்றது உயரமான சப்பூன் மேட்டில். பக்கத்து மேடுகளில் துருக்கியரிடமிருந்து ரஷ்யர் பிடித்த பிரித்தானியப் பீரங்கிகளை அவர்கள் இழுத்துப்போவதை அவரால் அங்கிருந்து காண முடிந்தது. கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தளபதி லூக்கனுக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்கு எட்டியவை பள்ளத்தாக்கின் கோடியில் அணிவகுத்திருந்த ரஷ்யப் பீரங்கிகளே. இதற்கு முந்திய கட்டளையில் மேடுகளை மீட்க வாய்ப்புக் கிடைத்தால் முன்னேறுக என்று இருந்தது. ஆனால் அதன் நிறுத்தக்குறி குழப்பமாக இருந்ததால், காலாட்படை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று லூக்கன் எண்ணிக்கொண்டார். ரக்லனோ, இந்த நான்காவது கட்டளையை அதன் தொடர்ச்சி என்று கருதியே எழுதச் சொன்னார். அவருடைய அதிகாரி ஏயரி அதைப் பென்சிலால் எழுதினார். கப்டன் நோலன் மேட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து இறங்கிக் கொண்டுவந்தார். எந்த எதிரி, எந்தப் பீரங்கிகள் என்று லூக்கன் கேட்க, நோலன் கையை வீசிப் பள்ளத்தாக்கைக் காட்டி, "அதோ உமது எதிரி, அதோ உமது பீரங்கிகள்" என்றார். ஏறத்தாழ 670 பேர் கார்டிகனின் தலைமையில் புறப்பட்டனர். 110க்கும் மேற்பட்டோர் இறந்தனர், 300க்கும் அதிகமான குதிரைகள் மாண்டன. கையைக் காட்டிய நோலன் முதலிலேயே விழுந்துவிட்டதால், அவர் எதைச் சுட்டினார் என்று கேட்க ஆளில்லை.

அந்தத் தாள் இன்றும் இலண்டனில் தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற அமர்வுகளில் வாசகம் பொய்யா மெய்யா என்று ஆராய்ந்தோம். இங்கே வாசகம் கையில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, எழுதியவரும் பெற்றவரும் யார் என்பதில் தகராறில்லை. ஆனாலும் கட்டளையின் பொருள் என்ன என்பதில் ரக்லனும் லூக்கனும் சாகும்வரை ஒன்றுபடவில்லை. உண்மையான போர்க்களக் கட்டளை எப்படி இருக்கும் என்பதற்கு, பளிங்கில் பொறித்த எந்த வீரவாசகத்தைவிடவும் இந்தப் பென்சில் தாளே சரியான மாதிரி. உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியை அப்படியே தம் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

இவ்வளவு சிறப்பான அமர்வுக்குப் பிறகு ஆறாவது சறுக்கியது. அமெரிக்கக் கடற்படையின் வாசகங்களைத் தொகுத்துச் சொன்ன ஆசிரியருக்கு, பொய்யை உடைப்பதில் ஏற்பட்ட சுவை அளவு கடந்துவிட்டது. 1779இல் ஜோன் போல் ஜோன்ஸ் சொன்னதாகக் கூறப்படும் "நான் இன்னும் சண்டையைத் தொடங்கவே இல்லை" என்ற வரி, அவருடைய அதிகாரி டேல் பல பத்தாண்டுகள் கழித்துக் கூறியது. ஜோன்ஸின் சொந்த அறிக்கையில் உறுதியாக மறுத்ததாக மட்டுமே உள்ளது. 1864இல் மொபைல் விரிகுடாவில் ஃபரகட் "டோர்பீடோக்கள் கிடக்கட்டும், முழு வேகத்தில் செல்லுங்கள்" என்றதும் பல ஆண்டுகள் பிந்தியே அச்சேறியது. அன்று அச்சொல் குறித்தவை நீரில் மிதக்கவிட்ட கடற்கண்ணிகள். இவை சரி. ஆனால் அதே மூச்சில், 1898 மே 1இல் மணிலாவில் டூவி சொன்ன "நீங்கள் ஆயத்தமானதும் சுடலாம், கிரிட்லி" என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துத் தள்ளினார். அந்த வரியில் அலங்காரமே இல்லை. ஒரு தளபதி தம் கப்பலின் கப்டனுக்கு இடும் சாதாரண அனுமதி அது. டூவியே நேரத்தோடும் தூரத்தோடும் அதைப் பதிந்திருக்கிறார். எளிய வாசகங்கள் நம்பத்தக்கவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதை ஆசிரியர் வீணாக்கினார்.

ஏழாவது அமர்விலும் இதே அவசரம் இருந்தது. 1915 ஏப்ரல் 25இல் கலிபோலியில் துருக்கியத் தளபதி முஸ்தபா கெமால் "தாக்கும்படி நான் கட்டளையிடவில்லை, சாகும்படி கட்டளையிடுகிறேன்" என்றதைத் தற்புகழ்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்கினார். அது 1918இல், நிகழ்ந்து மூன்றாண்டுக்குள், சொன்னவரே ஒரு நேர்காணலில் கூறியது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியம் ஐயத்துக்குரியதுதான்; ஆயினும் அதையும் முப்பதாண்டு கழித்து ஒரு பாதிரியார் புனைந்ததையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. வெண்பலகையில் தாம் வரைந்த மூன்று நிரல்களை ஆசிரியர் இங்கே தாமே மறந்துவிட்டார். வேர்டன் பகுதி பரவாயில்லை: "அவர்கள் கடந்துவர மாட்டார்கள்" என்ற முழக்கத்தைப் பிரெஞ்சுத் தளபதி பெத்தேனுக்கு உரியதாக்குவது வழக்கமென்றாலும், 1916 ஜூன் 23இல் "அவர்களைக் கடக்க விடமாட்டீர்கள்" என்று நாளாணையில் எழுதியவர் மற்றொரு தளபதியான நிவெல் என்பதை ஆவணத்தோடு காட்டினார். ஸ்டாலினின் 1942 ஜூலை 28 கட்டளையான 227ஆம் இலக்கத்தைப் பற்றிச் சொன்னதும் பயனுள்ளது. "ஓர் அடியும் பின்வாங்காதே" என்ற மூன்று சொற்களாக உலகம் நினைவில் வைத்திருப்பது, இழந்த நிலத்தையும் மக்களையும் தானியத்தையும் உலோகத்தையும் கணக்கிட்டு, தண்டனைப் படைப்பிரிவுகளையும் பின்வாங்குவோரைத் தடுக்கும் பிரிவுகளையும் அமைக்கச் சொல்லும் நீண்ட ஆவணம். படையினருக்கு வாசித்துக் காட்டப்பட்ட அது 1988 வரை அச்சில் வெளிவரவில்லை.

கேள்வி நேரமே கடைசி அமர்வின் உயிர். தேர்மொபிலையில் ஆயுதங்களைக் கேட்ட பாரசீகரிடம் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் "வந்து எடுத்துக்கொள்" என்றது, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய ஹெரடோட்டஸிடம் இல்லை, 500 ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய புளுடார்க்கிடம்தான் இருக்கிறது என்று ஆசிரியர் முடித்ததும், காத்தான்குடியிலிருந்து வரும் ஒருவர் எழுந்து, "சேர், தாரிக் இப்னு ஸியாத் கப்பல்களை எரித்துவிட்டு, பின்னால் கடல், முன்னால் எதிரி என்று சொன்னதையும் அப்படித்தான் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். ஆசிரியர் அதை மிகுந்த பொறுப்போடு கையாண்டார். 711இல் ஸ்பெயின் மீது நடந்த அந்தப் படையெடுப்பைப் பற்றிய பழைய அரபு நூல்களில் கப்பல் எரிப்பு இல்லை. 12ஆம் நூற்றாண்டின் அல் இத்ரீஸியிடமே அது தோன்றுகிறது. படையில் பெரும்பாலோர் பெர்பர்கள் என்பதால் அணிநயம் மிக்க அரபு உரையை அவர்கள் முன் ஆற்றியிருப்பாரா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்டவர் தலையசைத்து, அப்படியென்றால் அந்த உரையை எழுதியவரும் நல்ல எழுத்தாளர்தான் என்றார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சடங்கையும் வடமோடிக் கூத்தில் போருக்குப் போகுமுன் மணிக்கணக்காகப் பாடும் துரோணரையும் கண்டு வளர்ந்த எமக்கு, களத்துப் பேச்சு பிற்காலப் புலவனின் ஆக்கமாக இருக்கலாம் என்பது அதிர்ச்சி தரும் செய்தியே அன்று. ஆசிரியர் இதைத் தொட்டிருந்தால் வகுப்பு இந்த மண்ணில் நன்றாக ஊன்றியிருக்கும்.

உள்ளூர் என்று வரும்போது என் மனக்குறை பெரிது. மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயரிடமிருந்து அதை 1638 மே மாதத்தில் வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தக் கடற்படையும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் படையும் கைப்பற்றின. சில நாட்களில், மே 23இல், மட்டக்களப்பிலேயே இருதரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது மன்னரின் விருப்பத்துக்கு உட்பட்டதா என்ற இடத்தில், மன்னரிடமிருந்த பிரதியும் ஒல்லாந்தரின் பிரதியும் ஒன்றுபடவில்லை. பின்வந்த பூசல்கள் பலவற்றுக்கு அது வித்தாயிற்று. எழுதியதும் எழுதப்படாததும் பற்றிய வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆவணம் எங்கே கிடைக்கும்? எட்டு அமர்வுகளில் ஒரு முறைகூட அது பேசப்படவில்லை.

எங்கள் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்கும் கடைசிச் சில நிமிடங்களே கிடைத்தன. 1942 ஏப்ரல் 9 அன்று, தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால் முந்தைய இரவே திருகோணமலையை விட்டு வெளியேறும்படி கட்டளை பெற்ற அக்கப்பல், தன் விமானங்கள் எவையும் இல்லாமலே தெற்கே வந்து, காலையில் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் பட்டது. பாதுகாப்புக்காகத் துறைமுகத்தை நோக்கித் திரும்பச் சொன்னார்கள்; கோரிய போர்விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. 300க்கும் மேற்பட்டோர் கப்பலோடு மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. எஞ்சியோரை வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் மீட்டது. போ என்றும் வா என்றும் வந்த இந்த இரு கட்டளைகளில் மேற்கோளுக்கு ஏற்ற வாசகம் எதுவும் இல்லை என்பதால்தானோ என்னவோ, ஆசிரியருக்கு அதில் ஆர்வம் குறைவு. பலக்லாவாவுக்குக் கொடுத்த தாளைப் போல ஒரு தாளை ஹெர்மிஸுக்கும் ஆயத்தம் செய்தால் இத்தொகுதி நிகரற்றதாகிவிடும்.

வசதிகள் பற்றிச் சில வார்த்தைகள். மேல்மாடியில் வெக்கை அதிகம். மின்விசிறிகள் ஓடும்போது பின்வரிசைக்குப் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை, ஆகவே நேரத்தோடு போய் முன்னால் இருப்பது நல்லது. புரொஜெக்டரின் வெளிச்சம் மங்கலானது. மின்சாரம் தடைப்பட்டால் படங்கள் போய்விடும், ஆனால் ஆசிரியர் படமில்லாமல் இன்னும் நன்றாகப் பேசுகிறார். மஃரிப் தொழுகைக்கு இடைவேளை விடுவது பாராட்டத்தக்கது. மாடிப்படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலியுள்ளவர்கள் யோசித்துச் சேர வேண்டும். வகுப்பு குறித்த நேரத்தில் முடிவது அரிது என்பதால், கல்முனைப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லி எழுந்துவிடலாம், அவர் கோபிப்பதில்லை. தனி அமர்வுக்குப் பணம் கட்டும் முறை இப்போது இல்லை. அது வந்தால் முதல், இரண்டாம், ஐந்தாம் அமர்வுகளையும், கேள்வி நேரத்துக்காகக் கடைசி அமர்வையும் தெரிவுசெய்யலாம்; முழுத் தொகுதியாக எடுப்பவர்கள் ஆறாவதுக்கு வராமல் விட்டாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டார்கள்.